மைனஸ் மூன்று விநாடி மன்னர்

உலக வரைபடத்தில் சரியாக மடிப்பு விழும் இடத்தில் முந்துபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே பிறக்கும் குழந்தை, தாயின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே 'ஏழு வாசல்' என்ற வீடியோ கேமைப் பார்த்துவிடும். லுங்கி கட்டிய குட்டி மனிதன் ஏழு வாசல்களைத் தாண்டி ஓடிப்போய் மணியடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். யார் சீக்கிரம் மணியடிக்கிறார்களோ அவர்களுக்கு அரசுத் தரவரிசையில் மேலிடம். அந்த வரிசைப்படிதான் ரேஷன் கடையில் அரிசி.

முதலிடம் எப்போதும் மாமன்னர் அதிவேகருக்கு. அவர் விளையாடி ஈ காக்கைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்பது நிமிடம் என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தார்கள்.

தையல்காரி பொற்கிளி அந்த ஆட்டத்தை நான்கு நிமிடம் பதினொரு விநாடியில் முடித்தாள். மூன்றாம் வாசலில் சுவரோடு ஒட்டிக் குனிந்து பின்பக்கமாகக் குதித்தால் சுவருக்குள்ளேயே புகுந்து போய்விடலாம் என்பதை, நாலாயிரம் முறை மண்டையை இடித்துக்கொண்டு கண்டுபிடித்தவள் அவள்.

தரவரிசைத் துறை அமைச்சர் வேகமூர்த்தி அன்றைக்கே மன்னரின் நேரத்தைப் பூஜ்யமாகத் திருத்தினார். நாளைக்கு எவனாவது சமன் செய்துவிட்டால் என்ன ஆவது என்று பயந்து, மறுநாள் அதை மைனஸ் மூன்று விநாடி ஆக்கினார். அதாவது, தொடங்குவதற்கு முன்பே மன்னர் முடித்துவிட்டார். பிறகு ஒரு சட்டம் வந்தது: குடிமக்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஏழாம் வாசலில் உட்கார்ந்து, ஒன்பது நிமிடம் ஆன பிறகே மணியடிக்க வேண்டும். இதற்கு 'மரியாதைக் காத்திருப்பு' என்று பெயர். மன்னரிடம் ஆதாரம் கேட்பது குற்றம் என்று இன்னொரு சட்டமும் கூடவே வந்தது.

பொற்கிளி உட்காரவில்லை. நாற்பதாயிரத்து ஆறாம் இடத்துக்கு, அதாவது கடைசிக்கு, அவளைத் தள்ளினார்கள். விடிவதற்குள் ரேஷன் கடை வாசலில் முதல் ஆளாக நிற்பாள். அவள் முறை வரும்போது மூட்டையை உதறிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் நான்கு தட்டுகள் காத்திருக்கும்.

அவள்தான் பக்கத்துக் கடையில் செல்போன் பழுது பார்க்கும் அந்தோணிமுத்துவைச் சேர்த்துக்கொண்டு 'பொது மணி' என்ற இணையதளத்தைத் தொடங்கினாள். காணொளி இல்லாமல் பதிவு இல்லை. அதை முன்பின் தெரியாத இருவர் முழுக்கப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். தளத்தின் நிரலை யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், திருத்தி அனுப்பலாம்.

அப்படித் திறந்து போட்டால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானே என்று அந்தோணிமுத்து தயங்கினான்.

"ரவிக்கைக்கு வெட்டற அளவுத் தாள் மாதிரிதான் தம்பி. வேணுங்கறவங்க வெச்சு வெட்டிக்கட்டும். கோணலா இருந்தா நம்மகிட்ட சொல்லட்டும்" என்றாள் பொற்கிளி.

முதல் நாளே கோணல். பத்து நிமிடக்காரர் நான்கு நிமிடக்காரர்களுக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டார். எண்களை எழுத்துகளைப் போல முதல் இலக்கம் பார்த்து அடுக்கும்படி பொற்கிளி எழுதிவிட்டாள். பத்தின் முதல் இலக்கமான ஒன்று, நான்குக்கு முன்னால்தானே வரும். அந்தப் பத்து நிமிடக்காரர் வேகமூர்த்தியின் மைத்துனர். மனிதர் மூன்று தெருவுக்கு லட்டு கொடுத்துவிட்டார்.

மறுநாள் மதியம் உப்பளத்தில் வேலை செய்யும் சவேரியம்மாள் அதைத் திருத்தி அனுப்பினாள். பொற்கிளி தளத்தின் முகப்பில், 'தப்பு என்னுடையது. திருத்தியவர் சவேரியம்மாள்' என்று போட்டாள். முந்துபுரியில் தப்பு என்ற சொல்லை எழுத்தில் அதுவரை யாரும் கண்டதில்லை. அதைப் பார்க்கப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். பக்கத்து நாட்டிலிருந்து பேருந்து பிடித்து வந்தார்கள்.

சுவருக்குள் புகுவது திறமையா, ஏமாற்றா என்று பதினேழு நாள் சண்டை நடந்தது. கடைசியில் புகுந்து போகிறவர்களுக்கு ஒரு பட்டியல், புகாதவர்களுக்கு ஒரு பட்டியல் என்று முடிவானது. இவ்வளவு பெரிய சண்டைக்குப் பிறகும் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. நாடே மூக்கில் விரல் வைத்தது.

வேகமூர்த்தி பன்னிரண்டு குதிரைகளோடு தையல் கடைக்கு வந்து இறங்கினார்.

"இத்தளத்தின் திறவுகோலை அரசிடம் ஒப்படைக்குமாறு ஆணையிடுகிறோம்."

"சாவியே கிடையாதுங்க ஐயா" என்றாள் பொற்கிளி. "நேத்து வரைக்கும் நாலாயிரம் பேர் நகல் எடுத்துட்டாங்க. உங்க மச்சானும் ஒண்ணு எடுத்திருக்காருங்க."

அமைச்சர் அவளுடைய கணினியைப் பறிமுதல் செய்தார். ஏதோ நினைப்பில் தையல் இயந்திரத்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார். அவர் குதிரைகள் தெருமுனை திரும்புவதற்குள் 'பொது மணி' உப்பளத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

அந்த நாட்டில் மன்னருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் உண்டு. அந்த ஆண்டு தேர்தலன்று காலையிலும் பொற்கிளி ரேஷன் கடை வாசலில் நின்றிருந்தாள். தைக்க இயந்திரம் இல்லாததால் இப்போது அந்த அரிசிதான் எல்லாம். கடை வானொலி கரகரத்தது:

"வாக்குப்பதிவு தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே மாமன்னர் மகத்தான வெற்றி பெற்றுள்ளார்."

வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் கைதட்ட வேண்டும். ஆனால் தினம் பத்துப் பதிவுகளைச் சரிபார்த்துப் பழகிப்போன வாய் பொற்கிளிக்கு.

"காணொளி எங்க?" என்றாள், சாதாரணமாக.

அவள் பின்னால் நின்றவரும் அதையே கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவரும் கேட்டார். வரிசை நீண்டு வளைந்து கடைத்தெருவைத் தாண்டி அரண்மனை மதில்வரை போயிருந்தது. கேள்வியும் அதுவரை போனது. எல்லோரையும் சிறையில் போடலாம்தான். ஆனால் சிறைக்காவலரும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தார்.

கடைக்காரர் அரசுத் தரவரிசைப் பட்டியலைக் கையில் எடுத்தார், வாசலைப் பார்த்தார், பட்டியலைக் கீழே வைத்தார். இனி எந்த வரிசைப்படி போடுவது என்று பொற்கிளியிடமே கேட்டார்.

"வந்த வரிசைப்படியே போடுங்க அண்ணே" என்றாள் அவள்.

அன்றும் முதலில் வந்தவள் அவள்தான். கடைக்காரர் புது மூட்டையைப் பிரித்து, முதல் படியை அவள் பைக்குள் போட்டார்.

அன்று மாலை 'பொது மணி'யில் தேர்தல் என்று ஒரு புதுப் பட்டியல் ஏறியிருந்தது. அதில் ஒரே ஒரு பதிவு. மாமன்னர் அதிவேகர், மைனஸ் மூன்று மணி நேரம். எதிரே, எல்லோருக்கும் போடும் அதே சிறிய எழுத்தில்: 'காணொளி இணைக்கப்படவில்லை. சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது.'

இன்னும் காத்திருக்கிறது.