தங்கள் கண்ணாடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் மனைவியும் இங்கே சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் மட்டும் கொஞ்சம் கோபமாகவும் இருப்பீர்கள் என்று கேள்வி. "உங்க அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளும்மா, கண்ணாடி எங்க?" என்று என் மகளிடம் கேட்டனுப்பியிருக்கிறீர்கள். ஃபோனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் குரலைக் கேட்டதும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நான் ஃபோனை வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரிந்ததால் எழுதுகிறேன்.

முதலில் தங்கள் மனம் ஆற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. சுற்றின காகிதம்கூடப் பிரியவில்லை. நடுவில் இரண்டொரு தடவை கீழே விழுந்தது உண்மைதான். விழுந்தும் ஒரு சத்தம் இல்லை, ஒரு கீறல் இல்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட சரக்கு என்று தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தங்கள் தையல்கடை டிரையல் ரூமில் பழைய கண்ணாடி உடைந்துபோய், வருகிறவர்கள் சட்டையைப் போட்டுப் பார்க்க வழியில்லாமல் திண்டாடுகிறார்கள் என்று மகள் சொன்னாள். கோட்டு தைக்கக் கொடுத்த ஒருவர், ஒரு கை மட்டும் வைத்த கோட்டோடு சாலையைக் கடந்து எதிர் மருந்துக்கடையின் கதவுக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கப் போக, அவர்கள் உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பினார்களாம். அப்படியும் கண்ணாடியை ஏன் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்றால் அதற்கு ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தங்களுக்குத் தெரியும், நான் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன். உத்தியோகம் முழுக்கச் சைக்கிளில்தான். வீடு வீடாக ஏறி இறங்கி, மாடிப்படிக்கு அடியில் தலையைக் கொடுத்து மீட்டர் பார்த்தவனுக்குத் தலையில் விழாத அடி இல்லை. ஆனால் அதெல்லாம் மாடிப்படியில் விழுந்தது, சாலையில் அல்ல. இப்படியிருக்க, என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் கட்டுப் போட்டுக்கொண்டார். அந்தச் சைக்கிள் அப்போது ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்தது என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாளே மனைவி ஒரு ஹெல்மெட் வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டாள். "இது தலையில ஏறலன்னா நீங்க சைக்கிள்ல ஏற வேணாம்" என்று சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். சம்பந்தி, எனக்குக் காப்பி வேண்டாம், பேப்பர் வேண்டாம், சைக்கிள் இல்லாமல் முடியாது. அது இல்லாவிட்டால் நான் நாள் முழுக்க வீட்டில் இருப்பேன். அது அவளுக்கும் நல்லதில்லை.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனேன். போட்டதும் என்ன ஆயிற்று என்றால், அதுவரை ஒரு முழம் தள்ளிப் போன வண்டியெல்லாம் ஒரு சாண் தள்ளிப் போக ஆரம்பித்தது. வெள்ளைக் கார்க்காரர் ஒருவர் தினமும் என் முழங்கையைத் தொட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவார். ஒரு நாள் சிக்னலில் பிடித்து, "ஏன் சார் இப்படி உரசுறீங்க?" என்று கேட்டேன். "அதான் ஹெல்மெட் போட்டிருக்கீங்களே, அப்புறம் என்ன பயம்?" என்றார். சரி என்று மறுநாள் மனைவிக்குத் தெரியாமல் தெருமுனையில் ஹெல்மெட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கும் உரசினார். அன்றைக்கும் கேட்டேன். "ஹெல்மெட் போடாம வந்தா இப்படித்தான் ஆகும்" என்றார். ஆக மொத்தம் என் தலையில் என்ன இருந்தாலும் அவருக்குச் சௌகரியம். எங்கள் தெருவிலும் இதே பேச்சுதான். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட ஹெல்மெட் போடுகிறவர். பேப்பர் போடுகிறவரோ, "தலைக்குக் காத்து வேணும் சார், மூடி வச்சா மூளை புழுங்கிடும்" என்கிற கட்சி. இருவரும் நடுத்தெருவில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு வாதாடுவார்கள். வண்டிகள் அவர்கள் இருவரையும் கட்சி பார்க்காமல் உரசிக்கொண்டு போகும்.

இந்த நேரத்தில்தான் தாங்கள் சொல்லி வைத்திருந்த புதுக் கண்ணாடியை நானே கொண்டுவந்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். கண்ணாடிக் கடைக்குப் போனபோது கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆள் உயரத்துக்குச் சுற்றிக் கட்டி, 'கண்ணாடி. உடையும்.' என்று சிவப்பில் கொட்டை எழுத்தாகத் தெரிய, வாசலிலேயே சாய்த்து வைத்திருந்தது. அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நானே எடுத்துக் கேரியரில் நிறுத்திக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவ்வளவு பெரிய கண்ணாடி எவ்வளவு லேசாக இருக்கிறது, காலம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று வியந்துகொண்டே மிதித்தேன். அவசரத்தில் ஹெல்மெட்டை மறந்துவிட்டேன்.

சம்பந்தி, அன்று நான் கண்டதை எப்படி எழுதுவேன்! பஸ் நின்றது. நிறுத்தத்தில் அல்ல, எனக்காக நின்றது. கண்டக்டர் இறங்கி விசில் ஊதிப் பின்னால் வந்த வண்டிகளை மறித்தார். லாரி டிரைவர் ஒருவர் உடம்பில் பாதியை வெளியே விட்டு, "பாத்துப் போங்க பெரியவரே! கண்ணாடி, கண்ணாடி!" என்று பதறினார். போக்குவரத்துக் காவலர் நாலு பக்கமும் கை காட்டி நிறுத்திவிட்டு, "மெதுவா, மெதுவா, பள்ளம் இருக்கு, இறங்கித் தள்ளுங்க" என்று கூடவே நடந்து வந்தார். என் வெள்ளைக் கார்க்காரர் ஹாரன்கூட அடிக்காமல், பெண் பார்க்க வந்தவர் மாதிரி அடக்கமாகப் பின்னால் ஊர்ந்து வந்தார். ஒருவராவது என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் முதுகுக்குப் பின்னால் இருப்பதைத்தான் பார்த்தார்கள். இருக்கட்டுமே! நான் சைக்கிள் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக ஓட்டியதில்லை.

தங்கள் கடை வாசலுக்கு வந்தும் சேர்ந்துவிட்டேன். மகள் எட்டிப் பார்த்து, "உள்ள வாங்கப்பா, டீ போடறேன்" என்றாள். இறங்கப் போனவன் திரும்பிச் சாலையைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைத் தங்களிடம் கொடுத்துவிட்டால் நான் எதைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவது? "இதோ வந்துடறேம்மா" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பினேன். தாங்கள் கத்தரிக்கோலோடு வெளியே ஓடிவந்து "சம்பந்தி! சம்பந்தி!" என்று கூப்பிட்டது கேட்டது. காதில் விழாத மாதிரி வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் பல தடவை தங்கள் வாசல்வரை வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே யோசனைதான்.

பிறகு பழக்கமாகிவிட்டது. கடைக்கும் கண்ணாடி, வங்கிக்கும் கண்ணாடி, முடிவெட்டப் போனாலும் கண்ணாடி. முடிவெட்டுகிறவர் மட்டும், "எங்க கடைக் கண்ணாடி மேல நம்பிக்கை இல்லையா?" என்று வருத்தப்பட்டார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் ஒரு நாள் எங்கள் வாசல் கேட்டுக்குள் வந்து, "உங்க பின்னால கொஞ்ச தூரம் ஒட்டிக்கிட்டு வரலாமா?" என்று குழைந்தார். அடுத்த நாள் பேப்பர்காரரும் சேர்ந்துகொண்டார். கவசக் கட்சியும் காற்றுக் கட்சியும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு வருவதைத் தெருவே நின்று பார்த்தது. அப்புறம் எங்கள் கீழ்வீட்டு நர்ஸம்மா. மகளைச் சைக்கிள் பின்சீட்டில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர். "இத்தனை நாளா பாப்பாவ இறக்கி விடறவரைக்கும் எனக்கு மூச்சே வராதுங்க ஐயா. உங்க கண்ணாடிக்குப் பின்னாடி வந்தா பாட்டு வருது" என்றார். சம்பந்தி, அதைக் கேட்ட பிறகு தங்கள் கோட்டுக்காரரை நினைத்துக்கூட எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. என்னை நம்பி ஒரு குழந்தை சாலையில் வருகிறது. கண்ணாடியை எப்படித் தருவேன்?

ஆனால் என் மனைவி சும்மா இருப்பாளா? "இவ்வளவு வண்டிக்கு நடுவுல அந்தக் கண்ணாடிக்கு ஏதாவது ஆச்சுன்னா சம்பந்தி மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்று இன்னொரு ஹெல்மெட் வாங்கி வந்து, கண்ணாடியின் உச்சியில் வைத்து வாரைப் போட்டுக் கட்டிவிட்டாள். கண்ணாடிக்கு ஹெல்மெட் அவசியமா என்று கணக்கு வாத்தியாருக்கும் பேப்பர்காரருக்கும் மறுபடி மூண்டது. மூளை இல்லாத பொருளுக்கு எதற்கு என்றார் ஒருவர். அப்படிப் பார்த்தால் தெருவில் பாதிப் பேருக்குத் தேவையில்லை என்றார் மற்றவர். ஹெல்மெட்டோடு கிளம்பினோம். என்ன ஆயிற்று தெரியுமா? பஸ் நிற்கவில்லை. லாரி ஒதுங்கவில்லை. வெள்ளைக் கார்க்காரர் கண்ணாடியின் ஓரத்தை இடித்துவிட்டு, "அதான் ஹெல்மெட் போட்டிருக்கே!" என்று கத்திக்கொண்டே போனார். அது விழுந்ததில் ஒரு தடவை அப்போதுதான். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கண்ணாடியின் ஹெல்மெட்டைக் கழற்றினேன். "அது அடிபட்டா உங்களுக்கு என்ன, உங்க அண்ணனா தம்பியா!" என்று மனைவி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆகவே, கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடியை என்னிடமே விட்டு வைக்க வேண்டும். தங்களுக்கும் நஷ்டம் வராதபடி ஒரு வழி யோசித்திருக்கிறேன். தினமும் பாப்பாவைப் பள்ளியில் விட்ட கையோடு நேராகத் தங்கள் கடைக்கு வந்து, கண்ணாடியோடு வாசலில் நிற்பேன். காகிதத்தில் நடுவில் மட்டும் ஒரு ஜன்னல் அளவுக்குக் கிழித்து வைக்கிறேன். வாடிக்கையாளர்கள் அதில் பார்த்துக்கொள்ளலாம். கால்சட்டை பார்க்க வேண்டியவர்களுக்குச் சைக்கிளைச் சாய்த்துக் கொடுக்கிறேன். மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளையும் மகளும் நீடூழி வாழ வேண்டும். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும். தங்கள் கத்தரிக்கோல் மழுங்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் மாறாத மரியாதையும் கொஞ்சம் பயமும் உள்ள
சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், சொன்ன சொல் தவறக்கூடாது என்று காகிதத்தில் ஜன்னலைக் கிழித்தேன். உள்ளே என் முகம் தெரியவில்லை. பலகை தெரிந்தது. முழுக்கக் கிழித்தேன், முழுக்கப் பலகை. கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர், "அது பின்னால அடிக்கிற பிளைவுட் சார். நம்ம கடையில எல்லாத்தையும் அந்த அச்சடிச்ச காகிதத்துலதான் சுத்துவோம். உங்க கண்ணாடி இதோ சாஞ்சிருக்கு, எப்ப எடுத்துக்கிறீங்க?" என்று காகிதத்தை விலக்கிக் காட்டினார். அதில் என் முகம் நன்றாகவே தெரிந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுக்கத் தாங்களே ஒரு வேன் அனுப்பிவிடவும்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். கிழிந்த காகிதத்திலிருந்து அந்தச் சிவப்பு எழுத்துகளை மட்டும் கத்தரித்து, பசை தடவி, 'கண்ணாடி' என்பதை என் ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒட்டினாள். 'உடையும்' என்பதைக் கீழ்வீட்டுப் பாப்பாவின் புத்தகப் பையில் ஒட்டினாள். இன்று காலை அப்படியே கிளம்பினோம். பஸ் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "பெரியவரே, கண்ணாடி எங்க?" என்று கேட்டார். தாங்கள் கேட்ட அதே கேள்வி. தலையைத் தொட்டுக் காட்டி, "உள்ள இருக்குப்பா" என்றேன்.

"அப்ப மெதுவாப் போங்க" என்று சொல்லி, நாங்கள் எல்லாரும் கடக்கும்வரை காத்திருந்தார்.