வடக்கே பார்த்த அம்பு

ஒரு காட்டில், அதாவது தடையில்லா மின்சாரம் உண்டு என்று எல்லையிலேயே பெரிய பலகை வைத்து, அந்தப் பலகைக்கு மட்டும் தடையில்லாமல் விளக்கு எரியவிட்டிருந்த ஒரு காட்டில், தேனப்பன் என்கிற கரடியும் அவர் மனைவி உமையாளும் குடியிருந்தார்கள்.

உமையாள் மாவு அரைத்து விற்றாள். காட்டில் பாதிப் பேருக்கு விடிந்தால் இட்லி வேண்டும். அரைக்கத்தான் உடம்பு வணங்காது. மான் தூக்குவாளியோடு வரும். முள்ளம்பன்றி அகலமான பாத்திரத்தோடு வந்து, யார் மேலும் படாமல் ஓரமாக நிற்கும். புருஷன் முகத்தைப் பார்க்காமல் ஒரு புடவை எடுக்கவும், பிறந்த வீட்டு விசேஷத்துக்குக் கௌரவமாக மொய் எழுதவும் அவளுக்கு அந்தக் கிரைண்டர்தான் கதி.

தேனப்பன் தூங்குவதைத் தொழிலாக வைத்திருந்தார். ஊர் உலகத்துக் கரடிகளெல்லாம் குளிர்காலம் வந்தால் தூங்கும். நம் பக்கம் குளிர்காலம் வருவதில்லை. ஆகவே அவர் ஒரு ஏசி வாங்கி மாட்டி, குளிர்காலத்தை வீட்டுக்கே வரவழைத்து, வருஷம் பூராவும் தூங்கினார். கரண்ட் பில் வருகிற அன்று மட்டும் எழுந்து உட்கார்ந்து, இந்தக் கிரைண்டரால்தான் குடும்பமே அழியப்போகிறது என்பார். கிரைண்டர் கடமுடா என்று சத்தம் போடுகிறது, ஏசி சாதுவாக இருக்கிறது. அப்புறம் கரண்டைத் தின்பது எது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியாதா என்பது அவர் கட்சி.

ஒரு முறை பில் வந்தபோது அவர் பேச்சோடு நிற்கவில்லை. எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று செல்போனிலேயே காட்டும் கருவி ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் சொன்னா நீ நம்பமாட்டே. இது சொல்லட்டும். கிரைண்டர்தான்னு தெரிஞ்சுது, அன்னைக்கே அதைக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வந்துருவேன்" என்றார்.

உமையாள் ஆகட்டும் என்று மட்டும் சொன்னாள். கருவிகளும் கடைசியில் ஆம்பிளைகள் வாங்கி வருவதுதானே, வாங்கியவர் பக்கம்தானே பேசும் என்று நினைத்தாள். அவள் பயம் நியாயமான பயம்.

மாட்டித்தர வந்தவன் மரங்கொத்தி கொண்டல்சாமி. காட்டில் வயரிங் வேலைக்கு அவன்தான். சுவரில் ஓட்டை போடத் தனியாக மெஷின் வேண்டாம் என்பதால் அவனுக்கு நல்ல பெயர். மெயினை அணைத்தான். பாதி அரைபட்ட உளுந்தோடு கிரைண்டர் நின்றது; உமையாளுக்கு அதுவே அபசகுனமாகப் பட்டது. கொண்டல்சாமி மெயின் பெட்டியின் மூடியைக் கழற்றினான். உள்ளே, வெதுவெதுப்பான மூலையில், ஒரு பல்லி காலை நீட்டிப் படுத்திருந்தது. வாடகை கிடையாது, பூச்சி தானாக வரும். அதைவிட வசதியான வீடு அந்தக் காட்டில் யாருக்கும் இல்லை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. மெயின் வயரைச் சுற்றி ஒரு வளையத்தைக் கவ்வவிட வேண்டும். வளையம்தான் வேவு பார்க்கும். அதன் மேல் ஒரு அம்புக்குறி உண்டு. கரண்ட் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அம்பு பார்க்க வேண்டும். அந்த வீட்டில் வயர் வடக்கே நுழைந்து தெற்கே உள்ள சுவிட்சுக்குப் போனது. கொண்டல்சாமி அம்பைத் தெற்கே பார்க்க வைத்து வளையத்தை மூடினான். உடனே பல்லி சத்தம் போட்டது.

அது சத்தம் போட்டதற்குக் காரணம், வளையத்தின் வாயில் அதன் வால் அகப்பட்டுக்கொண்டதுதான். ஆனால் நம் ஊரில் பல்லிக்கு வலித்தது என்று யார் நினைக்கிறார்கள்? தேனப்பன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். என்ன பலன் என்று பயபக்தியோடு கேட்டார். பல்லியும் யோசித்தது. வலிக்கிறது என்று சொன்னால் மரியாதை போய்விடும்.

"அம்பு தெற்கே பார்க்குது. அது எமன் திசை. வீட்டுக்கு எருமை வரும்" என்றது.

தேனப்பனுக்கு ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. அம்பை வடக்கே திருப்பு, அது குபேரன் திசை என்றார். அட்டைப் பெட்டிக்குள் இருந்த தாளில் வேறு மாதிரி போட்டிருக்கிறதே என்று கொண்டல்சாமி இழுத்தான். அந்தத் தாளை எழுதினவன் நம்ம ஊர்க்காரனா என்று தேனப்பன் கேட்டார். இல்லை. கொண்டல்சாமி வளையத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினான். பல்லி வாலைச் சுருட்டிக்கொண்டு மௌனமானது. பார்த்தாயா, திருப்தி ஆகிவிட்டது என்றார் தேனப்பன்.

மெயினைப் போட்டதும் கிரைண்டர் ஓடியது. செல்போனில் எண் வந்தது. முன்னால் ஒரு மைனஸ் இருந்தது. தேனப்பன் ஏசியைப் போட்டார். மைனஸ் கிடுகிடுவென்று ஏறியது. மைனஸ் என்றால் என்ன என்று கேட்டதற்கு, கொண்டல்சாமி தலையைச் சொறிந்தான். மாடியில் சோலார் வைத்தவர்கள் வீட்டில்தான் அப்படி வரும், வீட்டிலிருந்து கரண்ட் வெளியே போகிறது என்று அர்த்தம் என்றான்.

தேனப்பன் கிரைண்டரைப் பார்த்தார். ஏசியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"உமையா, நாம கரண்ட் தின்னலை. உற்பத்தி பண்றோம்" என்றார்.

உமையாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிரைண்டருக்குக் குங்குமம் வைத்தாள். ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. உற்பத்தி குறையக் கூடாது, கிரைண்டர் நிற்காமல் ஓட வேண்டும் என்று தேனப்பன் உத்தரவு போட்டார். அரிசி தீர்ந்தபின்னும் ஓடியது. கல்லோடு கல் உரசியது. மாவில் மண் நறநறத்தது. முள்ளம்பன்றி வாய்விட்டுச் சொல்லவில்லை, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவதை நிறுத்திக்கொண்டது. பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய கிரைண்டர் வீட்டிலேயே பழைய இரும்பாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இதற்குள் விஷயம் காடு முழுக்கப் பரவியிருந்தது. தேனப்பன் விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தையும் செல்போனைக் காட்டுவதற்கே செலவழித்தார். எல்லாரும் கருவி வாங்கினார்கள். கொண்டல்சாமிக்கு மூச்சுவிட நேரமில்லை. அவன் திசையெல்லாம் பார்ப்பதை விட்டுவிட்டான். மைனஸ் வந்தால் வீட்டுக்காரர் காபி கொடுக்கிறார், பிளஸ் வந்தால் முறைக்கிறார், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிய வேண்டியது. முயல் வீட்டில் ஹீட்டர் ஓயாமல் ஓடியது. மயிலுக்குத் தோகை உலர்த்த ஒரு மெஷின் வந்தது. காடே மின்சாரம் உற்பத்தி செய்தது. விளக்குகள் மட்டும் ஏனோ மங்கிக்கொண்டே போயின.

ஒரு மத்தியானம் தேனப்பன் குறட்டையில் இருந்தார். உமையாள் பொறுக்கமாட்டாமல் கிரைண்டரை நிறுத்தினாள். செல்போனைப் பார்த்தாள், மைனஸ் கொஞ்சம்தான் குறைந்தது. ஏசி தானாக ஓய்ந்து மூச்சு வாங்கிய நேரத்தில் பார்த்தாள். மைனஸ் மொத்தமாக விழுந்தது. அவள் மாவு விற்கிறவள். கழிவது எது, சேர்வது எது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மெயினை அணைத்து, பெட்டியைத் திறந்து, பல்லியைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு, அம்பைத் தெற்கே திருப்பினாள். மறுபடி மெயினைப் போட்டபோது கருவி உண்மையைச் சொன்னது. ஏசி மலையாகத் தின்றது. கிரைண்டர் அதன் பக்கத்தில் ஒரு கொறிப்பு.

அவர் எழுந்ததும் மூஞ்சிக்கு நேரே காட்ட வேண்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் படார் என்று ஒரு சத்தம். காட்டுக்கு இருந்த ஒரே டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது.

கொஞ்ச நாள் காடே இருண்டு கிடந்தது. வேர்வையில் தேனப்பன் தூக்கம் கெட்டு, அந்த வயதில் முதல்முறையாகச் சூரிய உதயத்தைப் பார்த்தார், பிடிக்கவில்லை. பிறகு எங்கிருந்தோ வேறொரு டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூடவே விசாரணையும் வந்தது. காட்டு மின்சார அலுவலகம் தெற்கு எல்லையில் இருந்தது. அங்கிருந்து பொறியாளர் புறப்பட்டு வந்தார். அவர் ஓர் எருமை.

எருமை பொறியாளர் வீடு வீடாக வந்தார். எல்லாச் சாமானையும் ஓடவிட்டு, கருவியைப் பார்த்தார். மைனஸ் காட்டினால், நாட்டுக்கு நல்லது செய்கிறீர்கள் என்று கைகுலுக்கினார். பிளஸ் காட்டும் வீடுதான் காட்டின் கரண்டையெல்லாம் தின்ற வீடு, அங்கே அதிகமாகத் தின்னும் சாமான் பறிமுதல் என்று வாசலிலேயே அறிவித்தார். இதுவரை ஒரு பிளஸும் சிக்கவில்லை.

மான் ஓடிவந்து இதைச் சொன்னதும் உமையாள் செல்போனை எடுத்தாள். பிளஸ். இத்தனை பெரிய காட்டில் உண்மை பேசும் கருவி அவள் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

தேனப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, கிரைண்டரைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்றார். இப்படிச் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு வலித்தது. வலித்த மனசு சுருக்காக வேலை செய்தது.

"கொடுத்துடலாங்க. ஆனா அதிகமாத் தின்றதைத்தான் தூக்குவாங்களாம். இதைப் பாருங்க, ஏசிதான் முன்னால நிக்குது" என்றாள்.

தேனப்பன் பார்த்தார். வாழ்நாளில் அவர் ஒரு எண்ணை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. தெருமுனையில் கொம்பு தெரிந்தது.

"அம்பைத் திருப்பு" என்றார்.

"திருப்பறேன். இனிமே என் கிரைண்டரைப் பத்தி இந்த வீட்டுல பேச்சு எடுக்கக்கூடாது. நான் சொல்றப்போ ஓடும், சொல்றப்போ நிக்கும்."

"சரி."

"பல்லி மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். உமையாள் பெட்டியைத் திறந்து அம்பை வடக்கே திருப்பி வளையத்தை மூடினாள். அவசரத்தில் பல்லியைக் கவனிக்கவில்லை.

எருமை பொறியாளர் நிதானமாக உள்ளே வந்து, அசைபோட்டுக்கொண்டே கருவியைப் பார்த்தார். மைனஸ். அதுதான் கடைசி வீடு. அவர் அசைபோடுவதை நிறுத்தினார். காட்டில் எல்லாருமே கரண்ட் உற்பத்தி செய்திருக்கிறார்கள், ஆனாலும் கரண்ட் தீர்ந்து டிரான்ஸ்பார்மர் வெடித்திருக்கிறது. தின்றது யார் என்று எழுதாமல் அவர் ஆபீசுக்குத் திரும்ப முடியாது. அவர் கண்கள் மெதுவாக வீட்டைச் சுற்றி வந்து கிரைண்டரின் மேல் நின்றன. உமையாள் நகர்ந்து வந்து கிரைண்டரை மறைத்து நின்றாள்.

அப்போது, அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த பல்லி பெட்டிக்குள்ளிருந்து சத்தம் போட்டது.

மூடியைத் திறந்தார்கள். நீ யார், உன் கருவி எங்கே என்று எருமை கேட்டார். தன்னிடம் கருவி இல்லை என்றது பல்லி. மைனஸும் இல்லையா என்றார். இல்லை. எத்தனை நாளாக இங்கே குடியிருக்கிறாய்? வீடு கட்டின நாள் முதலாக. எல்லா வீட்டுப் பெட்டியிலும் உன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். எருமை பொறியாளர் பெருமூச்சு விட்டார். காட்டில் ஒரு யூனிட்கூட உற்பத்தி செய்யாதவன் அகப்பட்டுவிட்டான் என்று வாலைப் பிடித்தார். வளையம் கவ்வியிருந்த வால், பிடித்த பிடியிலேயே கழன்று வந்தது. பல்லி சுவரேறி ஓடிவிட்டது. வால் மட்டும் அவர் கையில் துடித்தது.

அவருக்கு அது போதும். குற்றவாளியின் முக்கியப் பகுதி கைப்பற்றப்பட்டது என்று எழுதி, வாலை உறையில் போட்டு அரக்கு வைத்து எடுத்துப் போனார்.

பல்லியை நினைத்தால் உமையாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கிரைண்டரைக் கழுவி, நல்ல உளுந்து போட்டு, தன் இஷ்டத்துக்கு ஓட்டி, தன் இஷ்டத்துக்கு நிறுத்தியபோது அந்தப் பாவம் கொஞ்சம் குறைந்தது. முள்ளம்பன்றி பாத்திரத்தோடு திரும்பி வந்ததும் இன்னும் குறைந்தது. தேனப்பன் பேச்செடுக்கவில்லை, ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லையில் இருந்த பலகையை மாற்றி, இது மின்சாரம் உற்பத்தி செய்யும் காடு என்று எழுதினார்கள். அம்பு தெற்கே பார்த்த அன்றே எருமை வருமென்று சொன்ன பல்லியின் ஞானத்தைக் காடே மெச்சியது. பல்லி பழைய மூலைக்கே வந்து படுத்துக்கொண்டது. அதற்குப் புது வால் முளைத்துக்கொண்டிருந்தது. புது டிரான்ஸ்பார்மர் மெல்ல உறுமத் தொடங்கியிருந்தது.

நீதி: கரண்ட் காட்டும் கருவி வாங்குமுன் மெயின் பெட்டிக்குள் ஒரு பல்லி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க, கணக்கு உதைக்கும் நாளில் கையில் கொடுக்க ஒரு வால் வேண்டும்.