பிலாண்டரை உதைத்த கழுதை

லாரிமோர் கவுண்டி, இண்டியானா
ஆகஸ்ட் 19, புதன்கிழமை

ஃப்ளோரிடாவில் வெயிலுக்கும் முதலைகளுக்கும் நடுவே குடியிருக்கும் என் அன்புக்குரிய இமோஜின் அக்காவுக்கு, உன் ஒரே தம்பி டெல்மர் மிகவும் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், நோரீன், நாய் மூவரும் சுகம். என் இடது முழங்காலும் நோரீனின் பொறுமையும் மட்டும் அவ்வளவு சுகமில்லை. உன் உடம்புக்காகவும் அத்தானின் புதுப் பல்செட்டுக்காகவும் ஞாயிறு தவறாமல் ஜெபிக்கிறேன். இவன் எதற்கு இத்தனை மரியாதையோடு ஆரம்பிக்கிறான் என்று நீ இந்நேரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டிருப்பாய். விஷயம் இருக்கிறது. உட்கார்ந்து படி.

ஈஸ்டர் அன்று நீ போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த செப்டம்பரில் நம் கவுண்டிக்கு இருநூறாவது ஆண்டு விழா. அதற்குள் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை, பிக்கெட் என்ற பெயரை, 'முதல் குடும்பங்கள்' பலகையில் ஏற்றிவிட வேண்டும். நீ விமானம் ஏறி வந்து அம்மாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்வண்டியில் உட்கார வேண்டும். நான் சரி என்றேன். ஓய்வு பெற்ற ஸ்கூல் பஸ் டிரைவருக்கு வேறென்ன வேலை? 1976-இல் என்ன நடந்தது என்பது உன்னைப் போலவே எனக்கும் நினைவிருக்கிறது. அம்மா தலை சீவி, நல்ல கையுறை மாட்டிக்கொண்டு வம்சாவளிச் சங்கத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனார். அப்போதைய தலைவி, பழைய மிஸஸ் க்ரேபில், முப்பது பேர் முன்னிலையில், "நீங்கல்லாம் ரயிலோட வந்தவங்கதானே, ஓபல்?" என்று, ஏதோ நேற்று வந்து ஒட்டிக்கொண்டவர்கள் மாதிரி கேட்டுத் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு அம்மா ஒரு வருஷம்கூடக் கவுண்டிக் கண்காட்சிப் போட்டிக்குத் தன் பெர்சிமன் பழப் புட்டிங்கை அனுப்பவில்லை. "காகிதம் குடுத்தேனே, கையிலயே குடுத்தேனே" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நாமும், வயதானால் அப்படித்தான் என்று தலையாட்டிவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது சங்கத் தலைவி அந்தக் கிழவியின் மருமகள் வில்லெட்டா க்ரேபில். மாமியாரின் ஆவி இவள் உடம்பில்தான் குடியேறியிருக்கிறது என்பது என் கருத்து. போய் நின்றதும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "1830-க்கு முந்தி உங்க ஆளு இங்க இருந்தாருங்கறதுக்கு எழுத்துல ஆதாரம் வேணும், டெல்மர். கதை வேணாம், கதை எங்கிட்டயே நிறைய இருக்கு" என்றாள். சரி, கோர்ட்டுக்குப் போகலாம் என்று போனேன். அங்கே பதிவறையில் இருப்பவள் ராக்ஸேன். பன்னிரண்டு வருஷம் என் பஸ்ஸில் வந்து பன்னிரண்டு வருஷமும் வாந்தி எடுத்த பெண். "ஐயோ மாமா, 1871-ல கோர்ட்டே எரிஞ்சு போச்சே, அதுக்கு முந்தினது எல்லாம் சாம்பல்" என்றாள். 1890-இல் நடந்த கல்யாணப் பதிவு? "அதுவும் தீயில போச்சு, மாமா." போன மாதம் நான் கொடுத்த சாக்கடை மனு? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் அநேகமா அதுலதான் போயிருக்கும்" என்கிறாள். நான் விடாமல் நின்றதால் அடித்தளத்துக்குச் சாவி கொடுத்தாள். அங்கே பழைய நிலப்பதிவேடுகள் எல்லாம் ஆளுயரக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. ஒரு பதிவேட்டை இழுத்தேன், ஒட்டகம் சாய்ந்தது, ஒட்டகத்தைப் பிடித்தேன், மூன்று ராஜாக்களில் ஒருவர் தலை கழன்று என் கையில் வந்தது, அலமாரிக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் முழங்கால் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். கைக்கு எட்டிய ஒரே புத்தகம் 1953-ஆம் வருஷத்து நாய் லைசென்ஸ் பதிவேடு. நம் வீட்டு ரஸ்டியின் பெயர் அதில் இருக்கிறது, அக்கா. நாய்க்கு ஆதாரம் இருக்கிறது, நமக்கு இல்லை.

அடுத்தது நூலகத்தின் வம்சாவளி அறை. அங்கே எல்வுட் என்று ஒரு பெரியவர் தன்னார்வலராக இருக்கிறார். எண்பத்தாறு வயது, பேனா கொண்டுவருகிறவர்களைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார், பென்சில் மட்டும்தான் அனுமதி. பழைய செய்தித்தாள் பிலிம்களைக் கருவியில் மாட்டிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். நான் பதினோரு நாள் சுற்றினேன். முதல் மூன்று நாள் தலைகீழாக மாட்டியிருந்தேன், கழுத்து சுளுக்கிக்கொண்டது. கடைசியில் 1888-இல் ஒரு செய்தி கிடைத்தது: திரு. பிக்கெட்டின் பன்றி மெதடிஸ்ட் சர்ச்சுக்குள் புகுந்து பிரசங்கம் முடியும்வரை வெளியேற மறுத்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு வில்லெட்டாவிடம் ஓடினேன். அவள் படித்துவிட்டு, "பன்னி எப்ப சர்ச்சுக்கு வந்துச்சுன்னு நான் கேக்கல. மனுஷன் எப்ப கவுண்டிக்கு வந்தாருன்னு கேட்டேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

நோரீன்தான் கல்லறைக்குப் போகலாம் என்று யோசனை சொன்னாள். சோயா வயலுக்கு நடுவில் நம் பிக்கெட் கல்லறை இருக்கிறதே, அங்கே போனோம். எழுத்தெல்லாம் தேய்ந்து கிடந்தது. ஷேவிங் நுரையைத் தடவி வழித்தால் எழுத்துப் பள்ளத்தில் வெள்ளை நின்று படிக்க வரும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு கல்லிலேயே நுரை தீர்ந்துபோனது. வண்டியில் நோரீன் 'பை' பலகாரத்துக்கு மேலே பீய்ச்ச வாங்கி வைத்திருந்த க்ரீம் டப்பா இருந்தது. அதுவும் வெள்ளைதானே என்று அடித்தேன். பக்கத்துப் பண்ணை ஆடுகளுக்கு வேலி என்பது ஒரு பேச்சுக்குத்தான் போலிருக்கிறது. பத்து நிமிஷத்தில் பதினான்கு ஆடுகள் நம் முன்னோர்களை நக்கிக்கொண்டிருந்தன. ஆனால் ஒன்று, நக்கிய பிறகு எழுத்து பளிச்சென்று தெரிந்தது: 1868. முப்பத்தெட்டு வருஷம் தாமதம். அந்த நேரம் பார்த்து வில்லெட்டா காரில் அந்த வழியாக வந்தாள். நுரை கல்லை அரிக்கும், க்ரீம் பூஞ்சை பிடிக்கும், இரண்டுமே சங்க விதி ஒன்பதுக்கு விரோதம் என்று ஆடுகளையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனாள்.

நான் கைவிட்டிருப்பேன். போன வெள்ளிக்கிழமை எல்வுட் போன் செய்தார். "தம்பி, உடனே வா, பென்சில் மறக்காதே." போனேன். லாரிமோர் கவுண்டி கல்லறைக் கல்வெட்டுகள், மூன்றாம் தொகுதி, 1976-இல் தொண்டர்கள் நேரில் போய் எழுதியெடுத்தது, பாம்பு மேட்டுக் கல்லறை, பக்கம் 212: 'எனாக் பிக்கெட். இறப்பு 1829. நேர்மையாக வாழ்ந்தார், நிம்மதியாக உறங்குகிறார்.' அக்கா, நான் அந்த மேஜையிலேயே அழுதேன். அம்மாவின் கொள்ளுத் தாத்தாவுக்கு அப்பா! அம்மா சொல்வாரே, அதே எனாக்! நகல் எடுத்துக்கொண்டு பறந்தேன். வில்லெட்டா கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை, அப்படியே முத்திரையைக் குத்தினாள். திங்கட்கிழமை பலகையில் பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். உனக்குப் போன் செய்தேன், நீ டிக்கெட் எடுத்தாய், நான் புதுச் சட்டை எடுத்தேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் சந்தோஷமான மனிதனாகச் செத்திருப்பேன். நேற்று நன்றி சொல்ல எல்வுட்டுக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுபோனவன், சும்மா இராமல் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். எந்தக் கல்லறையை யார் எழுதியெடுத்தார்கள் என்ற பட்டியல் இருந்தது. பாம்பு மேடு என்பதற்கு எதிரே அச்சில் இருந்த பெயர் என்னுடையது.

அக்கா, எல்லாம் அப்படியே ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அப்போது எனக்குப் பதினேழு வயது. கல்லறை எழுதியெடுக்கிற பையன்களுக்குச் சரித்திரப் பரீட்சை கிடையாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். எனக்குக் கிடைத்தது பாம்பு மேடு. பயங்கர வெயில், பெயருக்கேற்றபடி பாம்பு, தொட்டால் உடம்பெல்லாம் தடிக்கும் கொடி வேறு. நான் மேட்டில் ஏறவே இல்லை. கீழே மரத்தடியில் நோரீனோடு உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டே நாற்பத்தொரு பேரை நானே சாகடித்தேன். பெயர்களை விதை மூட்டைகளிலிருந்தும் தபால் பெட்டிகளிலிருந்தும் எடுத்தேன். அந்த வசந்தத்தில்தான் சங்கத்திலிருந்து திரும்பி வந்த அம்மா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதிருந்தார். அதனால் அம்மா அடிக்கடி சொல்லும் எனாக்கை நானே 1829-இல், மிகவும் மரியாதையாக, அடக்கம் செய்தேன். கையோடு கிழவி க்ரேபில் மேல் இருந்த கோபத்தில் பிலாண்டர் க்ரேபில் என்று ஒருவரை உண்டாக்கி, '1828-இல் கோவேறு கழுதை உதைத்து இறந்தார்' என்று எழுதினேன். நோரீன் சிரித்து சோடா மூக்கில் ஏறியது. பிறகு எங்களுக்குக் கல்யாணம் ஆனது, எல்லாம் மறந்துபோனது.

நீ ஊரை விட்டுப் போய் நாற்பது வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியாது. பிற்பாடு சங்கத்து விதி கடுமையாகி, பழைய குடும்பங்களும் எழுத்தில் ஆதாரம் காட்டித்தான் தீர வேண்டும் என்றானபோது, க்ரேபில் குடும்பம் காட்டியது என்ன தெரியுமா? பக்கம் 212, பிலாண்டர்! முப்பது வருஷமாக ஒவ்வொரு வருஷத்துக் கவுண்டி விழாவிலும் பிலாண்டரின் வீர மரணத்தை நாடகமாகப் போடுகிறார்கள். வைக்கோல் பொம்மைக்குக் கால்சட்டை மாட்டி, தொப்பி வைத்து, நிஜக் கழுதையைக் கொண்டுவந்து உதைக்க வைக்கிறார்கள், ஊரே எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுகிறது. நானும் கழற்றியிருக்கிறேன்! நம்மைச் சேர்க்காமல் பலகையில் உள்ள பன்னிரண்டு குடும்பங்களில் ஏழு, நான் சோடா குடித்துக்கொண்டே பெற்ற பிள்ளைகள். நோரீனிடம் சொன்னேன். "அப்பவே சொன்னேன், ஒரு நாலு பேரோட நிறுத்துங்கன்னு" என்கிறாள்.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வாயை மூடிக்கொண்டால் அம்மா வண்டியில் போவார், என் பொய்யின் மேல் உட்கார்ந்துகொண்டு. கடைக்காரர் ஐந்து காசு கூடக் கொடுத்தாலே திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்த மனுஷி. அவரைப் பொய்யில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. ஆகவே இன்று மதியம் வில்லெட்டாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். அம்மா பெயரைச் சுரண்டிவிடுவார்கள். ஏழு குடும்பங்கள் என்னைக் கவுண்டியை விட்டே விரட்டும். டிக்கெட்டை ரத்து செய்துவிடு அக்கா. என்னை மன்னித்துவிடு. அம்மாவுக்கு ஒரே ஒரு காரியம் செய்யக் கிளம்பினேன், அதையும் ஐம்பது வருஷம் முன்னாலேயே கெடுத்து வைத்திருக்கிறேன்.

உனக்கும் அத்தானுக்கும், அடுத்த வீட்டில் இருக்கிற அந்தப் பேசுகிற கிளிக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் கூரையையும் முழங்கால்களையும் காப்பாராக.

தலைகுனிந்து நிற்கும் உன் தம்பி,
டெல்மர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் வில்லெட்டா வீட்டுக்குப் போய் வந்தேன். மேலே எழுதியதை எல்லாம் படிக்காதது மாதிரி வைத்துக்கொள். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அப்புறம், "பிலாண்டர்னு ஒரு ஆளே கிடையாதா?" என்று கேட்டாள். "கிடையாதும்மா." "கழுதை?" "கழுதையும் கிடையாது." "அடப்பாவி, முப்பது வருஷமா அந்தாளுக்குக் கால்சட்டை தைக்கறேன்டா நான்!" என்று ஆரம்பித்தவள் சிரிக்கத் தொடங்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்து, பிறகு அதே மூச்சில் அழுதாள். உள்ளே போய், மாமியாரின் மேஜைவிரிப்பு அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். "மாமியார் செத்தப்புறம் கிடைச்சுது. எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வாய திறக்க முடியல, அப்புறம் எப்படித் திறக்கறதுன்னு தெரியல. நீ எந்தக் குப்பையக் கொண்டு வந்தாலும் முத்திரை குத்தணும்னுதான்டா காத்துக்கிட்டிருந்தேன். அதுக்குன்னு பன்னியக் கொண்டு வந்தா நான் என்ன பண்றது?" உறைக்குள் இருந்தது 1827-ஆம் வருஷத்து நிலப்பத்திரம், அக்கா. எண்பது ஏக்கர். எனாக் பிக்கெட், கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. கூடவே அம்மாவின் கையெழுத்தில் விண்ணப்பம். காகிதம் கொடுத்தேன் என்று சொன்னாரே, கொடுத்துத்தான் இருக்கிறார். நாம்தான் நம்பவில்லை.

எனவே டிக்கெட்டை ரத்து செய்யாதே. அம்மாவின் படத்துக்கு முன்வண்டியில் நடு இடம். அந்தப் பெயின்ட்டின் மேல் யாரும் கை வைக்க முடியாது. விழா முடிந்த மறுநாள் நானும் வில்லெட்டாவும் மற்ற ஆறு குடும்பங்களிடமும் சேர்ந்து போய்ச் சொல்லப்போகிறோம். நீ உடனே கிளம்பாமல் ஒரு நாள் கூடுதலாக இரு, எங்களுக்குத் துணை வேண்டியிருக்கும். க்ரேபில் பெயரை அவளே சுரண்டிவிட்டாள், இந்த வருஷம் ஊர்வலத்தில் குதிரைகளுக்குப் பின்னால் நடந்து வருகிறாளாம். அம்மாவின் பெர்சிமன் புட்டிங் செய்முறையைக் கையோடு கொண்டு வா, கேட்கிறாள். கழுதை நாடகம் மட்டும் உண்டு, குழந்தைகள் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் இந்த முறை வைக்கோல் பொம்மை கிடையாது. பிலாண்டராக நிற்கப்போவது நான். கால்சட்டைக்கு வில்லெட்டா அளவெடுத்துவிட்டாள்.