வெள்ளி மெடலுக்குச் சொல்லி வைத்த பேண்டு

ஒருவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நம்பலாம். அதை நம்பி அவனைப் பெற்ற அத்தா பேண்டு செட்டுக்குச் சொல்லி வைத்துவிடக் கூடாது.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். நான் மதுரையில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். கீழவாசலில் எங்களுக்கு ஜவுளிக்கடை. நான் படித்தது போதும் என்பது அத்தாவின் எண்ணம். காலேஜுகளுக்குள் நடக்கும் ஃபுட்பால் பந்தயத்தில் சிறந்த ஆட்டக்காரனுக்கு வெள்ளி மெடல் உண்டு, அது எனக்குத்தான் என்று நான் வீட்டில் அளந்ததும், அவர் ஒரே போடாகப் போட்டார்.

"மெடலு வீட்டுக்கு வந்தா காலேஜு. வரலேன்னா மறுநாளே கடை. இம்புட்டுத்தான் பேச்சு."

எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஃபைனல் வரைக்கும் எங்கள் டீம் போட்ட கோல் எல்லாமே நான் போட்டது. (மத்தவனுக்குப் பந்தைக் கொடுத்தாத்தானே அவன் போட!) ஃபைனலில் தோற்றுப்போனோம். அதிலும் எங்கள் பக்கத்துக் கோல் என்னுடையதுதான். ஆகவே மெடல் எனக்கே என்று தெளிவாக இருந்தேன். சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு நேரே வந்த அத்தா, ஜட்கா வண்டி, ரோஜா மாலை, பேண்டு செட் சகிதம் மைதான வாசலில் காத்திருந்தார். நாங்கள் தோற்றது அவருக்குத் தெரியாது.

பரிசு கொடுக்க வந்திருந்த பெரிய வக்கீல், "பெஸ்ட் பிளேயர்" என்று ஆரம்பித்ததுமே நான் மேடை ஏறிவிட்டேன். தலையையும் குனிந்து கொடுத்தேன். கழுத்தில் ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்தால், ஜெயித்த டீமின் கோல்கீப்பர் காதர் பக்கத்தில் நிற்கிறான். மெடல் அவன் கழுத்தில். நான் அடித்த கோலைப் பிடிக்காமல் விட்டவன் ஐயா அவன்.

டிரில் மாஸ்டர் என் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"சார், எல்லா கோலும் நான்தானே போட்டேன்?"

"தோத்த டீம்காரனுக்கு எவன்டா மெடல் கொடுப்பான்? கப்பு போற பக்கந்தான் மெடலும் போகும். ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

வாசலுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், ஊதத் தயாராக நின்ற பேண்டுக்காரர்களைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் காதர் வெளியே வந்தான்.

"தம்பி, மெடலு வாங்குனது நீங்கதானா? ஏறுங்க வண்டியில."

"எதுக்குங்க?"

"சொல்லி வச்ச பேண்டு சும்மா போகக் கூடாது. வீட்ல பிரியாணி ஆயிருக்கு, சாப்ட்டுப் போகலாம்."

எனக்கு வாங்கிய மாலை அவன் கழுத்தில் விழுந்தது. பேண்டு முழங்க ஜட்கா கீழவாசலுக்குக் கிளம்பியது. வண்டியில் இடமில்லாததால் நான் பின்னால் நடந்தேன். "யாரு மாப்ள அது வண்டியில?" என்று தெருவே என்னைக் கேட்டது. எனக்கு அழுகையாக வந்தது. மறுநாள் காலையில் கஜக்கோலும் கையுமாகக் கடையில் உட்கார்ந்தேன்.

அத்தோடு விட்டார்களா? பிரியாணி சாப்பிட வந்த காதரை அத்தாவுக்குப் பிடித்துப்போனது. சில வருஷம் கழித்து என் தங்கச்சிக்கு அவரையே பேசி முடித்தார். நிக்காஹ் அன்று காதர் அந்த மெடலைத் தங்கச்சி கையில் கொடுத்தார். அத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தொப்பையும் கைக்குழந்தையுமாக நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"மெடலு வீட்டுக்கு வந்துருச்சுடா. காலேஜுக்குப் போறியா?"

இன்றைக்கும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் என் பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து அதையே கேட்கிறார்கள். காதர் மாப்ள மட்டும் கேட்பதில்லை.

"அன்னைக்கு மத்தவனுக்கும் கொஞ்சம் பந்தைக் கொடுத்திருக்கலாம் மச்சான்" என்பார்.