நான்கு போல்ட்டும் ஒரு சிவப்புக் கோடும்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்புக்குச் சுகம். மனதுக்குச் சுகமா என்று நீ கேட்க மாட்டாய், ஏனென்றால் அதைக் கெடுத்தது உன் வீட்டுக்காரர். நீ வேலை மாற்றலாகிப் போன நாளிலிருந்து மாப்பிள்ளை என் கார் ஷெட்டில் விமானம் கட்டுகிறார், என் கார் தெருவில் வெயில் காய்கிறது. இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிறவன் இல்லை நான். ஆனால் மூன்று மாதம் முன்பு போனில் அழுதாயே, "அண்ணா, இன்ஜின் மட்டும் கழண்டு விழாம பாத்துக்கோ, ஒவ்வொரு போல்ட்டையும் நீயே உன் கண்ணால பாரு"ன்னு, அன்று பிடித்தது எனக்குச் சனி. நான் தையல்காரனம்மா. பொத்தான், கொக்கி, ஜிப், இவற்றைத் தாண்டி எதையும் எதோடும் சேர்த்தவன் இல்லை.

இன்ஜின் சட்டத்தை விமானத்தின் உடலோடு பிணைப்பவை மொத்தமே நான்கு போல்ட். நாலே நாலு! நானே கடைக்குப் போய்ப் பளபளவென்று, கட்டைவிரல் பருமனில் பொறுக்கி வந்தேன். மாப்பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான், தலையில முத்திரையே இல்லையே, எந்த இரும்புன்னு யாருக்குத் தெரியும்? ஷெட் கதவுக்குப் போட்டுக்கோங்க" என்றார். முத்திரை உள்ளவை தபாலில் வந்தன, ஒவ்வொன்றுக்கும் சான்றிதழோடு. என்னிடம்கூட அத்தனை சான்றிதழ் கிடையாது. சரி, வந்ததை மாட்ட வேண்டியதுதானே? மாட்டினார், கழற்றினார். போல்ட்டின் திருகுமரை சட்டத்தின் ஓட்டைக்குள் இருக்கக் கூடாதாம், வழவழப்பான பகுதிதான் இருக்க வேண்டுமாம். இன்னும் நீளமானது வந்தது. நைலான் வளையம் வைத்த நட்டு இன்ஜின் சூட்டில் உருகிவிடுமாம், முழுக்க இரும்பில் ஒன்று வேண்டுமாம், அதற்கு மூன்று வாரம். போல்ட்டின் தலை மேலே இருக்க வேண்டுமாம், நட்டு கழன்றாலும் போல்ட் இடத்திலேயே உட்கார்ந்திருக்குமாம். "நட்டு ஏன் கழலணும்?" என்றேன். "கழலாது மச்சான். கழண்டா?" என்றார். இந்த மனுஷனோடு எப்படியம்மா பத்து வருஷம் குடித்தனம் செய்தாய்?

முறுக்குவதற்கென்றே ஒரு ஸ்பேனர் வைத்திருக்கிறார். அளவு வந்ததும் 'டிக்' என்னும். அதற்கு மேல் முறுக்கினால் போல்ட் உள்ளுக்குள் இழுபட்டு வீணாகிவிடும், தூக்கிப் போட வேண்டியதுதான். முறுக்கி முடித்ததும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்துச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு. நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார், காப்பி ஆறிப்போகிறது. இந்த லட்சணத்தில் உன் அண்ணி வேறு, நகப்பூச்சுப் புட்டியைக் காணோம் என்று மூன்று நாளாக வீட்டைக் கவிழ்க்கிறாள். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஆகவே நீ நிம்மதியாக இரு. நான்கு கோடும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கின்றன, என் கண்ணால் பார்த்தேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பறக்கிறார். பறந்து தொலையட்டும், என் கார் உள்ளே வரட்டும்.

நீங்கள் இருவரும் சகல சுகத்தோடும், கூடுமானவரை தரையிலேயே, நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. போன வாரம் மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தபோது நீ அழுதது ஞாபகம் வந்தது. உனக்காக ஒவ்வொரு நட்டையும் சாதா ஸ்பேனரால் இன்னும் அரைச் சுற்று முறுக்கினேன். நான்கு கோடும் விலகிவிட்டன. துடைத்துவிட்டு அண்ணியின் நகப்பூச்சால் நேராகப் போட்டேன். மாப்பிள்ளைக்கே வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் பயம்தானம்மா, அதை யாரிடம் சொல்வது? சற்றுமுன் அவரிடம், "நாலு போல்ட்டையும் புதுசா மாத்தினாத்தான் பறக்கணும்னு தங்கச்சி கண்டிஷனா சொல்லிட்டா" என்றேன். "ஏன் மச்சான், நல்லாத்தானே இருக்கு?" என்றார். "கழண்டா?" என்றேன். உடனே புது போல்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார். போனில் கேட்டால் நீ சொன்னதாகவே சொல்லிவிடு. அப்படியே அண்ணிக்கு ஒரு நகப்பூச்சு அனுப்பு. எந்த நிறமானாலும் சரி, சிவப்பு மட்டும் வேண்டாம்.