இரட்சிப்பு இங்கே சரிபார்க்கப்படும்

விசுவாசிகளில் எத்தனையோ ரகம் உண்டு. ஆராதனைக்குப் பிந்தி வந்து முந்திப் போகிறவர், காணிக்கைப் பை கிட்டே வரும்போது மட்டும் கண்ணீரோடு ஜெபிக்கிறவர். பாவம், அவர்களை விடுங்கள். நான் காட்டப்போகிறவர் வேறு: அடுத்தவன் மெய்யாகவே இரட்சிக்கப்பட்டவனா, சும்மா பாவனை பண்ணுகிறானா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறவர். உங்கள் சபையிலும் ஒருவர் இருப்பார். இல்லையா? நன்றாகத் தேடிப் பாருங்கள்.

குத்தாலம் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த துரைராசுவை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றேழாம் வருஷத்தில் ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் குவைத்திலும் துபாயிலும் இருந்தார்கள். அவர்களோடு பேச வருகிறவர்கள் கண்ணாடிக் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும், யார் "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார், யார் "ஹலோ" என்று ஆரம்பித்தார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். "ஹலோ" என்றால் சந்தேகம். வீட்டில் கலர் டிவி வாங்கினால் சந்தேகம். வாங்காவிட்டால், பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கிறார்களோ என்று இன்னும் பெரிய சந்தேகம். சத்தமாக ஜெபித்தால் பகட்டு. மெதுவாக ஜெபித்தால் அனல் இல்லை. பிறகு எப்படித்தான் ஐயா ஜெபிப்பது? அவரைப் போலத்தான்!

"இரட்சிக்கப்பட்ட தேதி என்ன, பிரதர்?" என்பார். தெரியாது என்றால் ஆள் காலி. பட்டென்று சொன்னால், "மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான்."

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அதே சபைப் பெண் லோவிசாளின் கல்யாணப் பேச்சு வரும்வரை. அவள் தாய் தங்கமணி நடவுக்குப் போய், ஒற்றை ஆளாக மகளை டீச்சர் டிரெயினிங் வரை படிக்கவைத்தவள். திருத்துறைப்பூண்டியில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை, ஒரு மாத லீவு, அதில் பத்து நாள் ஏற்கெனவே ஓடிவிட்டது. அவனுடைய தாய் அம்சவல்லி பெண்ணைப் பற்றி விசாரிக்க நேரே பூத்துக்கே வந்தாள். இவர் தலையாட்டினால் கல்யாணம். உதட்டைப் பிதுக்கினால் பையன் விமானம் ஏறிவிடுவான். எதிரே பஸ் நிற்கிற இடத்தில் தங்கமணி, வந்த பஸ்ஸில் ஏறாமல் பூத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல பொண்ணுதாங்க..." என்று இழுத்தார் துரைராசு. அந்த இழுப்பிலேயே பாதிக் கல்யாணம் நின்றுபோயிற்று. "ஆனா உள்ளான மாற்றம்னு ஒண்ணு இருக்குல்ல? நம்ம சபையில நகை போடக் கூடாதுன்னு காதுத் தோட்டக் கழட்டியாச்சு, சரி. காது ஓட்டையில தொடப்பக்குச்சிய ஒடிச்சுச் செருகி வச்சிருக்குங்க!"

"குச்சியா?"

"ஓட்டை தூந்துடக் கூடாதுல்ல? நாளைக்கே உலகம் கூப்பிட்டா தோட்ட மாட்டிக்கிட்டுக் கிளம்பணுமே!"

அம்சவல்லியின் முகம் வாடியது. துரைராசுவுக்கோ பரம திருப்தி. இத்தனை வருஷ ஊழியத்தில் இப்படி ஒரு துப்பு அவருக்கு அகப்பட்டதே இல்லை.

"முக்காட்டுக்குள்ள இருக்கிற காது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"போன ஞாயித்துக்கிழமை, சிஸ்டர். பாஸ்டர் உருகி உருகி ஜெபம் பண்றாரு. சபையே கண்ண மூடி அழுவுது. ஒருத்தர்கூடத் திறக்கல, சுத்தி நல்லாப் பாத்தேன். அப்பதான் அந்தப் பொண்ணு முக்காடு வெலகி..."

அடடா! சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவசரமாக டெலிபோனைத் துடைத்தார்.

"அந்தப் பொண்ணும் அழுதுச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள் அம்சவல்லி.

"அழுதுச்சு."

"கண்ண மூடியா?"

"மூடித்தான்."

"அது போதுங்க எங்களுக்கு."

அவள் தெருவைக் கடந்து போய்த் தங்கமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கமணி நடுரோடு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டாள். சந்தோஷம்தான், வேறென்ன?

அடுத்த ஞாயிறு ஜெபத்தில் துரைராசு கண்ணை இறுக்க மூடினார். பழக்கமில்லையே, வலித்தது. ஒரு முகமும் தெரியாமல், தான் ஒருவர் மட்டும் கர்த்தருக்கு முன்னால் நிற்பது போலிருந்தது, பயந்துபோனார். இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஒரு கண்ணை லேசாகத் திறந்துகொண்டார்.

சரி, இவ்வளவும் படித்தீர்களே, உள்ளதைச் சொல்லுங்கள். 'இந்த ஆளாவது, இரட்சிக்கப்பட்டிருக்கவாவது!' என்று ஒரு தரமாவது நினைத்தீர்களா, இல்லையா? நினைத்தீர்கள் அல்லவா? அப்படியானால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். துரைராசுவின் பெஞ்சில் எனக்கும் இடம் வேண்டும்.