பவளத்தின் முள்ளங்கிக் குருமா ஊர் சுற்றிய கதை

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் ஏதோ கொஞ்சம் எட்டிப் பார்க்கும் புதர் ஒன்றில், பவளம் என்ற முயல் தன் கணவன் தண்டபாணியோடு குடித்தனம் நடத்திவந்தாள். காலையில் கேரட் பொரியல், மதியம் கேரட் பொரியல், ராத்திரிக்கு மிச்சமிருந்த கேரட் பொரியல். தண்டபாணி சாப்பிடுவதற்குத் தவிர வாயைத் திறக்கமாட்டான். அவனுக்கும் சேர்த்துப் பேச அவன் தங்கை மரகதம் இருந்தாள்.

"எங்க அண்ணிக்கு கேரட் பொரியல் ஒண்ணுதான் கைக்கு வரும், பாவம்" என்று கல்யாண வீடு, காதுகுத்து வீடு ஒன்று விடாமல் மரகதம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கேரட் பொரியலைச் சொன்னதுகூடப் பவளத்துக்கு வலிக்கவில்லை. அந்தப் 'பாவம்'தான் நெஞ்சில் போய்த் தைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன் என்று மரகதம் சொல்லியனுப்பியதும், இந்தத் தடவை அவள் வாயை அடைத்தே தீருவது என்று பவளம் முடிவெடுத்தாள்.

போனில் ஒரு கிளி சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. முள்ளங்கிக் குருமா. அதற்கு அன்னாசிப்பூ போட்டே ஆக வேண்டும் என்றது. அந்தக் காட்டில் யார் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் அப்படி ஒரு சாமான் இல்லை. பவளம் ஆன்லைனில் ஆர்டர் போட்டாள். டெலிவரிக்கு ஆமை என்று தெரிந்ததும் கொஞ்சம் கலங்கினாலும், வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குச் சரக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"இப்போது உப்பு போடுங்கள்" என்று கிளி சொன்ன இடத்தில் வீடியோ நின்று சுற்றியது. பிறகு கொஞ்சம் முன்னாலிருந்து மறுபடி ஓடியது. கிளி மறுபடியும் உப்பு போடச் சொன்னது. மறுபடியும் நின்றது. பவளம் சொன்ன பேச்சைக் கேட்கிறவள். கிளி சொன்னபோதெல்லாம் போட்டாள்.

தண்டபாணி ஒரு வாய் வைத்தான். எழுந்து ஓடைக்குப் போனவன் சாயங்காலம் வரை தண்ணீரிலிருந்து வாயை எடுக்கவில்லை.

கொட்டுவதற்குப் பவளத்துக்கு மனம் வரவில்லை. ஒரு முழுத் தேங்காய் அரைத்து ஊற்றியிருக்கிறாள். எல்லாவற்றையும் எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, பக்கத்து வளைக் கீரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"புதுசா ஒண்ணு செஞ்சேன். உன் ஞாபகம் வந்துச்சு."

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகைச் சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும்.

கீரி தொட்டு நக்கினாள். உடம்பு மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. உப்பை இழுக்கட்டும் என்று உருளைக்கிழங்கை வேகவைத்துப் போட்டாள். குருமா இறுகி, நட்ட கரண்டி அப்படியே நின்றது. அதே தூக்கோடு அணில் வீட்டுக்குப் போனாள். "புதுசா ஒண்ணு செஞ்சேன். உன் ஞாபகம் வந்துச்சு" என்றாள். அணில் அதை இளக்கத் தேங்காய்ப்பாலை ஊற்ற, இனித்துத் தொலைத்தது. அவளுக்குக் குரங்கின் ஞாபகம் வந்தது.

குரங்கு கைகாரி. சின்ன வெங்காயத்தை வதக்கி, மிளகும் சோம்பும் இடித்துப் போட்டு, சிறுதீயில் சுண்டவிட்டாள். வாசம் மரத்துக்கு மரம் தாவியது. பாதியைத் தின்றுவிட்டுத் தூக்கைக் கழுவக் கவிழ்த்தபோதுதான், அடியில் பேர் வெட்டியிருந்ததைப் பார்த்தாள். பவளம்.

"இது அந்த முயல் வீட்டுத் தூக்காச்சே" என்று யோசித்தாள். வெறுமனே கொடுக்க முடியாது. வீட்டில் வேறு பலகாரமும் இல்லை. மீதிப் பாதி அதிலேயே ஏறியது.

ஞாயிறு காலை பவளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் குரங்கு நின்றாள்.

"உன் தூக்கு. உள்ள புதுசா ஒண்ணு வெச்சிருக்கேன்."

பவளம் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கேரட்டைத் தள்ளி வைத்தாள்.

மரகதம் பேசாமல் சாப்பிட்டாள். அதுவே பெரிய விஷயம். பிறகு இலையை வழித்தாள்.

"நீங்களா செஞ்சீங்க அண்ணி?"

"பின்ன யாரு செய்வா?" என்றாள் பவளம், கூசாமல்.

மரகதத்தின் பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தாள். "இதென்ன அண்ணி, மரக்கட்டை மாதிரி?"

அன்னாசிப்பூ. பவளத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் என்று நினைத்துத்தான் சொன்னாள், அது உண்மையாகப் போய்விட்டது.

"அடுத்த மாசம் எங்க அத்தையக் கூட்டிட்டு வர்றேன். இதையே செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மரகதம் போனாள். பவளத்துக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாளே வீடு வீடாக விசாரித்துச் செய்முறையைத் தெரிந்துகொண்டாள். ரொம்பச் சுலபம். நாம் கெடுத்துக் கீரியிடம் கொடுத்தால் போதும், மற்றதைக் காடு பார்த்துக்கொள்ளும்.

அடுத்த மாதம் விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் அடுப்பை மூட்டினாள். ஆனால் அதற்குள் காட்டில் புது டவர் வந்திருந்தது. வீடியோ ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கிளி ஒரே ஒரு தடவைதான் உப்பு போடச் சொன்னது. பவளம் சொன்ன பேச்சைக் கேட்கிறவள். கெட்டுத்தான் போயிருக்கும் என்ற நம்பிக்கையில் ருசிகூடப் பார்க்காமல், சட்டியோடு வழித்துத் தூக்கில் ஊற்றிக் கீரியிடம் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மரகதம் மாமியாரோடு வந்து இலைமுன் உட்கார்ந்தாள். பவளம் வாசலைப் பார்த்தபடி நின்றாள். குரங்கைக் காணோம். கீரிதான் வந்தாள், தூக்கைப் பளபளவென்று விளக்கிக்கொண்டு.

"என்னா ருசிக்கா. அன்னிக்கே வழிச்சுத் தின்னுட்டோம். ஒரு சொட்டு மிஞ்சல."

திறந்து பார்த்தாள் பவளம். அடியில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை கிடந்தது.

இலைகளில் கேரட் பொரியல் விழுந்தது. மாமியார்க்காரி ஒரு வாய் மென்றுவிட்டு மரகதத்தின் பக்கம் சாய்ந்தாள்.

"உங்க அண்ணியா? பாவம்" என்றாள்.

நீதி: நன்றாகச் சமைத்தது பக்கத்து வீட்டோடு போய்விடும், கெட்டுப்போனதுதான் வீடு தேடி வரும். ஆகவே விருந்து நாட்களில் உப்பைத் தாராளமாகப் போடவும்.